தண்ணீர்மலையானைத் தரிசிக்க ஒரு தீவுப் பயணம்
மூத்த அன்பர்களுக்குப் பினாங்கு யாத்திரை வழிகாட்டி

செட்டிநாட்டு ஊர்களில் 'தண்ணீர்மலை' என்ற பெயர் தாங்கியோர் பலர் உண்டு. பழனி, திருமலை என்பவற்றைப் போல அதுவும் நம் நாட்டு மலை ஒன்றின் பெயராக இருக்கும் என்று எண்ணுவோர் இன்றும் இருக்கின்றனர். அம்மலை இருப்பது தமிழ்நாட்டில் அன்று. வங்கக் கடலைக் கடந்து, அந்தமானுக்கும் அப்பால், மலேசியாவின் வடமேற்குக் கரையை ஒட்டிய பினாங்குத் தீவில் அது இருக்கிறது. அருவி விழும் மலை ஆதலால் தண்ணீர்மலை. அங்கே எழுந்தருளிய தண்டாயுதபாணியே தண்ணீர்மலையான்.

தேவாரத்தில் திருப்புத்தூர் எனப் போற்றப்பெறும் நம் திருப்பத்தூரில் திருத்தளிநாதரும் யோக பைரவரும் அருள்பாலிக்கின்றனர். சற்றுத் தொலைவில் வயிரவன்பட்டி, அடுத்துப் பிள்ளையார்பட்டி, அதையும் தாண்டினால் குன்றக்குடி. இத்தனை கோயில்களின் நடுவே வாழ்நாளைக் கழித்த மூத்தோர் பலருக்கு, முன்னோர் கடல் கடந்து எழுப்பிய கோயிலையும் ஒருமுறை கண்டுவிட வேண்டும் என்ற ஆவல் இருக்கிறது. ஆனால் மூன்று ஐயங்கள் அவர்களைத் தடுக்கின்றன. அது இஸ்லாமிய நாடாயிற்றே, நம் ஆசாரத்துக்கு ஒத்துவருமா? ஓய்வூதியத்தில் வாழ்வோரால் செலவைத் தாங்க முடியுமா? இந்த வயதில் உடல் இடம் கொடுக்குமா?

முதல் இரண்டு ஐயங்களும் விவரம் தெரிந்தால் விலகக்கூடியவை. மூன்றாவது ஐயம் அவ்வாறன்று. உண்மையாகவே எண்ணிப் பார்க்க வேண்டியது அதுதான்.

தெய்வத்தோடு சென்றவர்கள்

1786-இல் ஆங்கிலேயர் பினாங்கில் துறைமுகக் குடியேற்றத்தைத் தொடங்கினர். வாணிகம் பெருகவே, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து தமிழ் வணிகர் அங்கே சென்றனர். நகரத்தார் கிட்டங்கிகளை அமைத்து வட்டித் தொழில் நடத்தினர். சென்ற இடமெல்லாம் கோயில் எழுப்பி, தொழில் வருவாயில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்துத் தெய்வத்துக்கும் பேரேட்டில் பற்று வரவு எழுதியது அவர்கள் வழக்கம். பினாங்கின் நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் 1857-இல் எழுந்தது. காரைக்குடியில் செய்யப்பெற்ற வெள்ளி இரதம் 1894-இல் கப்பலேறி அங்கே சென்றது. இன்றும் தைப்பூசத்துக்கு முதல் நாள் முருகப்பெருமான் அவ்விரதத்தில்தான் நகருக்குள்ளிருக்கும் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்கு எழுந்தருள்கிறார். அந்நாளுக்குச் செட்டிப்பூசம் என்றே அங்குப் பெயர்.

அந்நாளில் கப்பற்பயணத்துக்கு ஒரு வாரம் பிடித்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய ராஜூலா கப்பலை நினைவில் வைத்திருக்கும் மூத்தோர் இன்றும் உண்டு. இப்போது திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரமே ஆகிறது.

இஸ்லாமிய நாட்டில் இந்து யாத்ரிகர்

மலேசியாவில் இஸ்லாம் கூட்டரசின் சமயம். பிற சமயத்தார் அமைதியோடு தத்தம் சமயத்தைப் பின்பற்றலாம் என்பதையும் அந்நாட்டு அரசியலமைப்பு அதே பிரிவில் கூறுகிறது. மக்களில் நூற்றுக்கு ஆறு பேர் இந்துக்கள். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். பினாங்கில் தைப்பூசம் அரசு விடுமுறை நாள். 1816-இல் பினாங்கில்தான் அந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கிற்று. இன்று நாடெங்கும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. ஆகவே வேட்டியும் திருநீறுமாக வீதியில் நடப்பவரை அங்கே எவரும் வியந்து பார்ப்பதில்லை.

தலைநகர் ஜார்ஜ் டவுனில் ஒரே வீதியையும் அதன் அண்டையையும் சுற்றி வந்தால் இது விளங்கும். 1818-இல் கட்டப்பெற்ற செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர் வழிபடும் குவான் யின் கோயில், 1833-ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில், 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகிய நான்கும் கூப்பிடு தொலைவில் இருக்கின்றன. நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த தர்காவும் அருகிலேயே உண்டு. வெள்ளி இரதம் வரும் வழியில் சீனர்களும் தேங்காய்களைக் குவித்து வைத்துச் சிதறுகாய் உடைக்கின்றனர்.

எனினும், விருந்தினராகச் செல்வோர் சில மரபுகளைப் பேணுதல் வேண்டும். பள்ளிவாசலுக்குள் செல்ல விரும்பினால் தொழுகை இல்லாத நேரத்தில், உடல் மறைக்கும் ஆடையோடு, காலணியைக் கழற்றிவிட்டுச் செல்க. மேலங்கி தேவைப்படுவோருக்கு வாயிலிலேயே கொடுப்பார்கள். ரமலான் மாதத்தில் நோன்பிருப்போர் எதிரே உண்பதைத் தவிர்ப்பது பண்பு. இந்தியர், சீனர் உணவகங்கள் அப்போதும் திறந்தே இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் சில கடைகளும் அலுவலகங்களும் நெடுநேரம் மூடியிருக்கும். அதற்கேற்ப வேலைகளை வகுத்துக்கொள்க. முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரை செய்ய அந்நாட்டின் பல மாநிலங்களில் சட்டப்படி தடை உள்ளது. ஆதலால் பக்திப் பிரசுரங்களைத் தெருவில் எல்லோருக்கும் வழங்க முற்படலாகாது.

ஆவணங்களும் பயண வழியும்

சிவகங்கை மாவட்டத்தார் மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் எல்லைக்குள் வருவர். புதிதாக விண்ணப்பிக்கும் 60 வயது கடந்தவர்களுக்குச் சாதாரணக் கட்டணத்தில் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு. ஏற்கெனவே கடவுச்சீட்டு உள்ளவர்கள், பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் அது செல்லுபடியாகுமா என்று முதலில் பார்க்க வேண்டும். பயணச்சீட்டிலும் கடவுச்சீட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருத்தல் வேண்டும். தந்தை பெயர் ஒன்றில் முதலெழுத்தாகவும் மற்றொன்றில் முழுமையாகவும் இருந்தால் விமான நிலையத்தில் தொல்லை நேரும்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இன்றி மலேசியா செல்லலாம். இச்சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. பயணச்சீட்டு வாங்குமுன் அப்போதைய நிலையை உறுதி செய்துகொள்க. மலேசியாவை அடைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அந்நாட்டு அரசின் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் இணையதளம் எதுவாயினும் அது அரசினுடையது அன்று. திரும்பி வரும் பயணச்சீட்டு, தங்குமிட முன்பதிவு ஆகியவற்றின் அச்சுப் பிரதிகள் கையில் இருக்கட்டும்.

திருப்பத்தூரிலிருந்து திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அங்கிருந்து கோலாலம்பூர் சென்று, வேறு விமானத்தில் ஒரு மணி நேரத்தில் பினாங்கை அடையலாம். இரு விமானங்களுக்கும் ஒரே பயணச்சீட்டாக வாங்குவதே மூத்தோருக்கு ஏற்றது. தனித்தனியே வாங்கினால் கோலாலம்பூரில் பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்த சீட்டின் பணமும் போய்விடும். சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் 2024 டிசம்பரில் தொடங்கியது. நேரம் மிகுதியாக உள்ளவர்கள் கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை நாலேகால் மணி நேரம் இரயிலில் சென்று, அங்கிருந்து படகில் தீவுக்குக் கடக்கலாம். முன்னோரைப் போலக் கடல்வழியே பினாங்கைக் காணும் பேறு, சில ரிங்கிட்டில் அப்போது கிட்டும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. தைப்பூசத்தை ஒட்டி அறை வாடகை உயரும், கூட்டமும் பெருகும். நெரிசலைத் தாங்க இயலாதோர் பூசத்துக்கு இரண்டு வாரம் முன்போ பின்போ சென்றால் அமைதியாகத் தரிசிக்கலாம். ஓய்வூதியர் பலருக்கு நவம்பரில் வாழ்நாள் சான்று அளிக்கும் கடமை இருக்கிறது. அதை முடித்துவிட்டுப் புறப்படுவது நிம்மதி.

செலவுக் கணக்கு

ஒரு ரிங்கிட் அண்மைக் காலமாக 20 ரூபாய்க்கு மேல் விற்கிறது. 25 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டால் பின்னர் ஏமாற்றம் இராது. தம்பதியர் இருவர் ஐந்து இரவு, ஆறு பகல் தங்குவதாகக் கொண்டால் ஓர் எளிய கணக்கு இவ்வாறு அமையும்.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய எளிய விடுதி அறை, இரவுக்கு 120 ரிங்கிட் வீதம் 600.
வெளிநாட்டவர் அறைக்கு இரவுதோறும் செலுத்த வேண்டிய சுற்றுலா வரி, 10 வீதம் 50.
இருவர் உணவு, நாளுக்கு 60 வீதம் 360.
உள்ளூர்ப் போக்குவரத்து, நாளுக்கு 40 வீதம் 240.
பினாங்குக் குன்று இரயில், இருவருக்கு 60.
அர்ச்சனை, காணிக்கை, சில்லறைச் செலவு 200.

ஆக மொத்தம் 1,510 ரிங்கிட். நம் பணத்தில் 37,750 ரூபாய். விமானக் கட்டணமும் காப்பீடும் தனி. விமானக் கட்டணம் நாளுக்கு நாள் மாறும். பள்ளி விடுமுறையையும் பண்டிகையையும் தவிர்த்து, இரண்டு மூன்று மாதம் முன்பே வாங்குவோருக்குக் குறையும். மலிவுக் கட்டண விமானங்களில் பெட்டிக்கும் உணவுக்கும் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் சேர்த்தே விலைகளை ஒப்பிட வேண்டும்.

பணம் கொண்டு செல்வதிலும் கவனம் தேவை. ரிங்கிட்டை அங்கீகாரம் பெற்ற நாணய மாற்று நிறுவனத்திலோ வங்கியிலோ வாங்கி, இரசீதைப் பத்திரப்படுத்துக. மொத்தத் தொகையையும் ரொக்கமாக வைத்துக்கொள்ளாமல், ஒரு பகுதியை வெளிநாட்டுப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்க. அதை ஒருவரும் ரொக்கத்தை மற்றவரும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வங்கி அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்த வேண்டுமாயின் புறப்படுமுன் அவ்வசதியை இயக்கி, உச்ச வரம்பையும் குறித்துவிட வேண்டும். அங்குள்ள கடையில் 'ரூபாயில் எடுக்கவா, ரிங்கிட்டில் எடுக்கவா' என்று அட்டை இயந்திரம் கேட்டால் ரிங்கிட் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாய் என்றால் நமக்குப் பாதகமான மாற்று விகிதத்தில் கூடுதல் பணம் போய்விடும். கைப்பேசியில் வங்கிக் குறுஞ்செய்தி வருவதற்கு இந்திய சிம் அட்டையின் வெளிநாட்டு இணைப்பை இயக்கி வைத்திருத்தல் நலம்.

சுற்றுலா நிறுவனத்தின் மொத்தத் திட்டத்தில் செல்வோரிடம் வருமான வரி முன்பிடித்தம் வசூலிக்கப்படும். அது செலவு அன்று. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ இயலும். அதற்குரிய சான்றைக் கேட்டு வாங்குவதை மறத்தலாகாது.

சைவ உணவு

லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். சைவச் சாப்பாடு பொதுவாக 10 முதல் 15 ரிங்கிட்டுக்குள் அடங்கும். பௌத்தச் சீனர் நடத்தும் சைவ உணவகங்களும் உண்டு. அங்கே இறைச்சியைப் போலத் தோன்றுபவை பெரும்பாலும் சோயாவிலும் கோதுமையிலும் செய்தவை.

பிற இடங்களில் எச்சரிக்கை வேண்டும். 'ஹலால்' என்ற பலகை சைவத்தைக் குறிப்பதன்று. மலாய்ச் சமையலில் 'பெலாச்சான்' என்னும் இறால் விழுதும், 'இக்கான் பிலிஸ்' என்னும் நெத்திலியும் குழம்பிலும் துவையலிலும் கலந்திருக்கும். கீரைப் பொரியல் என்று கேட்டு வாங்கினாலும் அதில் பெலாச்சான் இருக்கக்கூடும். 'தக் மாவ் பெலாச்சான், தக் மாவ் இக்கான், தக் மாவ் தாகிங்' என்றால், இறால் விழுது வேண்டா, மீன் வேண்டா, இறைச்சி வேண்டா என்று பொருள். பால் இல்லாத தேநீருக்குத் 'தே ஓ'. சர்க்கரையும் வேண்டாதவர் 'தே ஓ கோசோங்' என்று கேட்கலாம். நன்றி சொல்லத் 'தெரிமா காசே'.

ஏகாதசி, சஷ்டி விரதம் இருப்போர் அவல், சத்துமாவு, உலர் பழங்கள் எடுத்துச் செல்லலாம். பச்சைக் காய்கனி, விதை, செடி முதலியவற்றை அனுமதியின்றிக் கொண்டுசெல்லல் ஆகாது. ஆதலால் வெற்றிலை, துளசி, வாழைப்பழத்தை அங்கேயே வாங்குக. பிறர் கொடுத்தனுப்பும் பொட்டலம் எதையும் ஏற்கலாகாது. போதைப்பொருள் குற்றத்துக்கு அந்நாட்டுச் சட்டம் மிகக் கடுமையானது. உறவினர் மனம் நோகுமே என்று தயங்க வேண்டா.

உடல்நலமே முதற்கணக்கு

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைக் கண்டு, விமானப் பயணத்துக்கு உடல் ஏற்றதா என்று கேட்டறிக. மருந்துகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்குச் சேர்த்து, அட்டை பிரிக்காமல், ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச்சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் இடலாகாது. மலேசிய நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. மருந்து வேளையை அதற்கேற்ப எவ்வாறு மாற்றுவது என்று மருத்துவரே குறித்துத் தரட்டும்.

பயணக் காப்பீடு இன்றிச் செல்லவே கூடாது. பினாங்கில் தேர்ந்த தனியார் மருத்துவமனைகள் உள்ளன. ஆனால் ஓரிரு நாள் படுக்கையே பயணச் செலவு முழுவதையும் விஞ்சிவிடும். காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய சிகிச்சை எதையும் மறைக்காமல் எழுதுக. சில நூறு ரூபாய் மிச்சமாகும் என்று மறைத்துவிட்டால், கேட்பு எழும்போது நிறுவனம் மறுத்துவிடும். அப்போது அந்நிய மண்ணில் பணத்துக்கு அலைய வேண்டியவர் உடன் சென்ற துணைவியோ துணைவரோ ஆவார்.

விமான நிலையங்களில் நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருக்கும். சக்கர நாற்காலியைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுப் பதிவு செய்துவிடுக. அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

இன்னொன்று, சர்க்கரை நோயாளர் கருத்தில் கொள்ளத்தக்கது. செட்டிப்பூசத்தன்று சாலையெங்கும் உடைந்த தேங்காய் ஓடுகள் சிதறிக் கிடக்கும். பாதத்தில் உணர்ச்சி குன்றியவர் வெறுங்காலோடு நடந்தால் கீறியதே தெரியாமல் புண்ணாகிவிடும். அத்தகையோர் இரதம் நிற்கும் இடத்தில் ஓரமாக நின்று, காலணியோடு கும்பிட்டால் குறை ஒன்றும் இல்லை.

ஐந்து நாள் தரிசனம்

முதல் நாள் ஓய்வு. மாலையில் மகாமாரியம்மனை மட்டும் தரிசித்துவிட்டு உறங்கிவிடுக.

இரண்டாம் நாள் காலை தண்ணீர்மலை. நகரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். தாவரவியல் பூங்கா செல்லும் பேருந்திலோ 'கிராப்' வாடகைக் காரிலோ செல்லலாம். நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் சாலையோரச் சமதளத்தில் இருப்பதால் முழங்கால் வலி உள்ளோருக்கும் தரிசனம் எளிது. சற்று அப்பால் மலைமேல் இருப்பது பாலதண்டாயுதபாணி கோயில். 2012-இல் குடமுழுக்குக் கண்ட அப்புதிய கோயிலுக்கு 513 படிகள் ஏற வேண்டும். ஏற விரும்புவோர் விடியற்காலையில் தொடங்கி, இடையிடையே அமர்ந்து செல்க. இயலாதோர் அடிவாரத்து விநாயகரை வணங்கி அங்கிருந்தே மலையை நோக்கிக் கைகூப்பலாம். அருகிலுள்ள தாவரவியல் பூங்கா 1884-இல் அமைந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. குரங்குகள் மிகுதியாதலால் பழத்தட்டை மறைத்துப் பிடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள், 1923 முதல் இயங்கும் மலை இரயிலில் பினாங்குக் குன்று. உச்சியில் அருளொளி திருமுருகன் கோயிலும் பள்ளிவாசலும் அண்டை வீடுகளைப் போல இருக்கின்றன. நான்காம் நாள் நகரின் பழைய வீதிகள்; 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை நகராக ஏற்ற இடம் இது. நகர மையத்தைச் சுற்றிவரும் இலவசப் பேருந்து மூத்தோருக்குப் பெரும் உதவி. ஐந்தாம் நாள் 101 எண் பேருந்தில் பத்து பெரிங்கிக் கடற்கரை. கடலாடுவதைவிட மாலையில் மணலில் அமர்ந்திருப்பதே மூத்தோருக்கு உகந்தது. ஆறாம் நாள் மீண்டும் ஒருமுறை தண்டாயுதபாணியிடம் விடைபெற்றுப் புறப்படலாம்.

பொருள் தேடிச் சென்ற முன்னோர் பலர், ஊர் திரும்புவோமா என்பது உறுதியில்லாமலே கப்பலேறினர். குழந்தைக்கு அவர்கள் இட்ட 'தண்ணீர்மலை' என்ற பெயர், திரும்பி வந்து சேர்ந்ததற்கான நன்றியாகவும் இருந்திருக்கலாம். இன்று அத்தகைய அச்சம் எதுவும் இல்லை. கடவுச்சீட்டு, காப்பீடு, மருத்துவரின் ஒப்புதல் ஆகிய மூன்றும் கைக்கு வந்தபின் நாள் குறிக்கலாம். குறித்ததும் பிள்ளையார்பட்டி விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படுக.